கைப்பிரேக்

பேலூர் எனக்கு ஒரு புளியமரம்.
பதினொரு மணிக்கு அதன் நிழல் முன்சக்கரத்தை விட்டு நகரும்,
இரண்டு மணிக்கு டீசல் டேங்க்கைத் தொடும்.
ஹளேபீடு, கழிப்பறைக்கு எதிரே மூன்றாவது இடம்,
தண்ணீர்க் குழாய்ப் பக்கம்.
சிருங்கேரியில் மதிலோரம். அங்கே மட்டும்
யாரும் வந்து தட்டி எழுப்ப மாட்டார்கள்.

பத்தொன்பது வருடமாகக் கோயில்களுக்குப் போகிறேன்.
இரவெல்லாம் ஓட்டுகிறவனுக்குப் பகலில் ஏது சாமி?
சாமான் வைக்கும் அடியறையில்
அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே காலை நீட்டினால்
சங்குச் சத்தமும் கனவுக்குள் ஹாரனாகத்தான் வரும்.

இந்த முறை ரோண் தாலுக்காப் பள்ளிக்கூடம்.
நாற்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று டீச்சர்கள்,
சமையலுக்கு ஈரவ்வா, ஒரு சாக்குச் சோள ரொட்டி.
கரிசலில் பிறந்த பிள்ளைகள்.
சிக்கமகளூர் தாண்டியதும்
பச்சையைப் பார்த்தே பாதிப் பேருக்கு வாந்தி.

என் முதுகுக்குப் பின் சீட்டில் மஞ்சவ்வா, ஆறாம் வகுப்பு.
எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசுவாள்.
"பேலூர்ல கல்லில ஒரு பொம்பளை
கண்ணாடி பார்த்துக்கிட்டே நிக்கிறா மாமா.
தொள்ளாயிரம் வருசமா."
கை வலிக்காதா அவளுக்கு, என்றேன்.
யோசித்தாள்.
"உனக்கு வலிக்குதா?" என்றாள்.

ஜோகில் இறங்கும்போது மணி ஏழரை.
பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில்
பனி.
சத்தம் மட்டும் கீழே எங்கோ கிடந்தது.
ராஜா, ராணி, ரோரர், ராக்கெட்:
நான்கு தாரைகளின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.
பார்க்காததையும் பரீட்சையில் எழுதலாம்.
ஒரு மணி நேரம் நின்றுவிட்டு
கம்பியின் ஈரத்தைச் சட்டையில் துடைத்தபடி ஏறினார்கள்.
வனஜாட்சி டீச்சர் தலை எண்ணினார். நாற்பத்திரண்டு.
"மத்தியானத்துக்குள் பனவாசி. எடுங்க."

முதல் கியரில் ஏற்றம்.
பக்கக் கண்ணாடியில்
பந்திப் பாயைச் சுருட்டுகிற மாதிரி
பனி ஓர் ஓரத்திலிருந்து எழுந்தது.
என் உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள்
மலை உடைந்து ஊற்றிக்கொண்டிருந்தது.

சொன்னால் டீச்சர் வாட்சைப் பார்ப்பார்.
எஞ்சினை அணைத்தேன்.
"பிரேக்கில் ஏதோ கோளாறு. எல்லாரும் இறங்குங்க."
இவ்வளவு வேகமாக ஒரு பஸ் காலியாகி நான் பார்த்ததில்லை.
படியில் கால் வைத்த முதல் பையன் கத்தினான்.
அதற்கப்புறம் பிரேக்கை யார் நினைத்தார்கள்?

நானும் இறங்கியிருக்கலாம்தான்.
ஆனால் சொன்னதில் பாதிதான் பொய்.
கைப்பிரேக் தேய்ந்து ஆறு மாதம், முதலாளிக்கும் தெரியும்.
கியரில் விட்டுவிட்டு நம்பலாம்;
நாற்பத்திரண்டு பேர் சரிவில் பின்னால் நிற்கும்போது
நம்ப மாட்டேன்.
சக்கரத்துக்குக் கல் கொடுக்கத்தான் கிளீனர் புட்டா குதித்தான்.
கல்லைத் தூக்கினான், திரும்பினான்,
கையில் கல்லோடு அப்படியே நின்றுவிட்டான்.

மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியில் இப்போது அருவி இல்லை.
முதுகுகள். எண்ணெய் வைத்த தலைகள். சிவப்பு ரிப்பன்கள்.
கரண்டியும் கையுமாய்க் கும்பிடுகிற ஈரவ்வா.
யாராவது அசைந்தால்
இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு விரற்கடை வெள்ளை
தெரியும், போகும்.
தொடை நடுங்க ஆரம்பித்தது.
"புட்டா, கல்லுடா" என்று கத்தினேன்.
அந்தத் தண்ணீரின் சத்தத்தில் எது கேட்கும்?

பத்து நிமிடம் இருக்கும். பனி மறுபடி மூடியது.
டீச்சர் ஏறும்போது நின்றார்.
"பிரேக் சரியாயிடுச்சா?"
"ஆச்சு மேடம்."
சிரித்தாரா என்று கண்ணாடியில் பார்ப்பதற்குள்
எண்ணத் தொடங்கிவிட்டார்.

மஞ்சவ்வாவின் எலுமிச்சம்பழம் எங்கேயோ விழுந்துவிட்டது.
அவள் தேடவில்லை.
வளைவுகளில் ஒரு வார்த்தையும் பேசாமல்
ஈரத் தலையோடு
என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தாள்.

பனவாசியில் எனக்கு ஓர் அரசமரம் உண்டு.
மூன்று மணி வரை நிழல்.